முதல் வருடக் கையாளுக்கு டூல் பை: பெட்டி செட்டா, தனித்தனிச் சாமானா?

கட்டட வேலையில் எலக்ட்ரிகல், பிளம்பிங் பக்கம் கையாளாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் செலவே டூல்தான். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று வேலூரில் எந்தப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போனாலும் கண்ணாடி அலமாரியில் முதலில் கண்ணில் படுவது பெட்டி செட். பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாற்பது சொச்சம் சாமான் வரிசையாகப் பதித்திருக்கும். பார்க்க அழகு, விலையும் கைக்கு எட்டும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்க வேண்டாம். ஏழு சாமானைத் தனித்தனியாக வாங்குங்கள்.

செட்டில் பாதி இடத்தைப் பிடித்திருப்பது சாக்கெட் ஸ்பேனர், ஆலன் கீ, சின்னச் சின்ன பிட். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குக்கு அது உதவும். வீட்டு ஒயரிங்கிலோ பைப் வேலையிலோ முதல் வருடம் அவற்றைத் தொடவே மாட்டீர்கள். மீதியில் இருக்கும் பிளேயரின் கைப்பிடி வெறும் கலர் பிளாஸ்டிக்கில் முக்கி எடுத்தது, இன்சுலேஷன் இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனை மெத்து இரும்பு, இறுகிய பத்து ஸ்க்ரூவில் மழுங்கிவிடும். மழுங்கிய முனை ஸ்க்ரூவின் தலையையும் சேர்த்துத் தின்னும், அப்புறம் மேஸ்திரியிடம் திட்டு வாங்க வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுச் சேருகிறவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. 2016இல் வந்த தேசியத் தொழில்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அந்தத் தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. இப்படிச் சேருகிறவர்கள் கம்பெனியே டூல் கொடுக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஊரில் ஒரு மேஸ்திரியிடம் சேருகிறவர்களுக்கு அந்த வசதி இருக்காது, பை சொந்தப் பைதான். ஆனால் டிரில் மெஷின், கட்டர், உளி, சுத்தியல், பெரிய பைப் ரெஞ்சு, ஒயர் இழுக்கிற ஸ்பிரிங் எல்லாம் மேஸ்திரியிடம் இருக்கும். ஆகவே உடைக்கிற, துளைக்கிற சாமானில் காசைப் போடாமல் அளக்கிற, சோதிக்கிற, வெட்டுகிற சாமானில் போடுங்கள்.

முதலில் டெஸ்டர். சில பத்து ரூபாய்ச் சாமான், ஆனால் இதை நம்புகிற அளவுக்கு வேறெதையும் ஆட்கள் நம்புவதில்லை. அங்கேதான் ஆபத்து. டெஸ்டருக்குள் ஒரு ரெசிஸ்டரும் நியான் பல்பும் இருக்கின்றன. நம் உடம்பு வழியாக மிகச் சிறிய கரண்ட் தரைக்குப் போனால்தான் பல்பு எரியும். காய்ந்த மர ஏணி மேல், ரப்பர் செருப்போடு நின்றால் வெளிச்சம் மங்கிவிடும். மொட்டை மாடி வெயிலில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 'டெஸ்டர் எரியலை, கை வைக்கலாம்' என்று யாராவது சொன்னால் கை வைக்காதீர்கள். கரண்ட் வருவது உறுதியான ஒரு பாயிண்டில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடியும் அந்த உறுதியான பாயிண்டில். மூன்றும் சரியாக இருந்தால்தான் டெஸ்டர் சொன்னது கணக்கு. அதை வைத்து ஸ்க்ரூ முடுக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். முனை முறுக்கிக்கொள்ளும், உடல் விரிசல் விடும், விரிசல் விட்ட டெஸ்டர் விரலுக்கும் ஃபேஸுக்கும் (கரண்ட் வருகிற ஒயர்) நடுவில் இருக்கிற ஒரே தடுப்பை இழந்துவிடும். தாப்பரியா போன்ற பெயர் உள்ள கம்பெனி டெஸ்டராக ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் சந்தேகம் வந்த அன்றே அதைத் தூக்கிப் போடுங்கள்.

மல்டிமீட்டருக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். பையிலேயே அதிக விலை கொடுக்க வேண்டிய சாமான் இதுதான் என்பது எங்கள் கருத்து. வீட்டு டிபியில் (கரண்டைப் பிரித்து அனுப்புகிற பெட்டி) கை வைக்கிறவருக்கு கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று அச்சிட்ட மீட்டர் வேண்டும். ஆட்டோ ரேஞ்ச் இருந்தால் புதியவர்களுக்கு நல்லது, ஒயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் தருகிற கன்டினியூட்டி பஸ்ஸர் கட்டாயம். கடையில் பஸ்ஸரை வைத்துப் பாருங்கள்: இரண்டு ப்ரோபையும் தொட்ட மாத்திரத்தில் சத்தம் வர வேண்டும். அரை விநாடி தாமதமாகக் கூவுகிற மீட்டர், பத்து ஒயருக்கு நடுவில் ஒன்றைத் தேடும்போது உயிரை எடுக்கும்.

புதியவர்கள் மீட்டரைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். கரண்ட் அளந்துவிட்டு சிவப்பு ப்ரோபை 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிடுவார்கள். அடுத்து சாக்கெட்டில் வோல்டேஜ் பார்க்க வைத்தால் அது நேர் ஷார்ட். ஃபியூஸ் போவது நல்ல மீட்டரில், மலிவு மீட்டரில் கையிலேயே வெடிக்கும். முதல் வருடம் 10 ஆம்பியர் ஓட்டையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கரண்ட் பார்க்க வேண்டியிருந்தால் மேஸ்திரியின் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது.

மீட்டர் காட்டுவதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஃபேஸ்-நியூட்ரல் (நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) 230 வோல்ட் பக்கம், ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட். இந்த மூன்றையும் புதிய சாக்கெட் ஒவ்வொன்றிலும் பாருங்கள். எங்கும் இணைக்காத ஒயர் பைப்புக்குள் ஃபேஸ் ஒயரை ஒட்டி நீளமாக ஓடினால் மீட்டர் 60, 80 வோல்ட் என்று காட்டும். அது இண்டக்ஷன். ஒரு குண்டு பல்பை இணைத்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரு சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் அது வேறு கதை. எங்கேயோ நியூட்ரல் கட்டாகி, ஆனில் இருக்கும் ஃபேன் அல்லது லைட் வழியாக ஃபேஸ் திரும்பி வருகிறது. 'ரிட்டர்ன் வருது' என்று மேஸ்திரிகள் சொல்வது இதைத்தான். இது கையைப் பிடிக்கும், இண்டக்ஷன் என்று அலட்சியம் வேண்டாம்.

எர்த்தைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள், பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், கோடையில் மேல் மண் காய்ந்து கிடக்கும். பைப் எர்த்துக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள பைப் இறங்க வேண்டும். பாறை தட்டியதும் பைப்பை அறுத்துவிட்டு மூடினால் மீட்டரில் ஃபேஸ்-எர்த் 230 காட்டத்தான் செய்யும், ஏனென்றால் மல்டிமீட்டர் வழியாகப் போகிற கரண்ட் அணுவளவு. ஃபால்ட் கரண்ட் பாய வேண்டிய நேரத்தில் அந்த எர்த் கைவிடும். ஆகவே மல்டிமீட்டரை வைத்து 'எர்த் நல்லா இருக்கு' என்று சொல்லாதீர்கள். அதற்கு எர்த் டெஸ்டர் வேண்டும், அது உங்கள் பையில் இருக்க வேண்டிய சாமான் இல்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லாத டிபியைப் பார்த்தால் மேஸ்திரியிடம் சொல்லுங்கள், முதல் வருடக் கையாள் சொன்னாலும் அது சரியான பேச்சுதான்.

கட்டிங் பிளேயர் 8 இஞ்ச், தடித்த இன்சுலேஷன் உறை போட்டது. வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டுகிற விளிம்பில் ஒளிக் கீற்று தெரிந்தால் வேறு கேளுங்கள். 1 சதுர மி.மீ. ஒயரின் ஒரே ஒரு இழையை வெட்டிப் பாருங்கள், நசுங்காமல் துண்டாக வேண்டும். இதைச் சுத்தியலாக்கி அடித்தால் நடு ஆணி தளர்ந்து வாய் கோணும். உறை இருக்கிறது என்று லைவ் ஒயரை வெட்டாதீர்கள். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த ஒயரை ஒரே வெட்டாக வெட்டினால் விளிம்பு உருகிக் குழி விழும், பொறி முகத்தில் அடிக்கும்.

ஒயர் ஸ்டிரிப்பரை வீண் செலவு என்று நினைக்கிற மேஸ்திரிகள் உண்டு. பிளேடும் பல்லும் போதும் என்பார்கள். இதில் நாங்கள் அவர்களோடு உடன்படவில்லை. 1.5 சதுர மி.மீ. ஒயரில் 0.3 மி.மீ. இழைகள் 22 இருக்கும், 2.5இல் 36. பிளேடைச் சுற்றி ஓட்டும்போது நான்கு இழை அறுந்தால் அந்த முனையில் 18தான் மிச்சம். லைட் சர்க்யூட்டில் தெரியாது. கீசர், ஏசி சாக்கெட்டில் அதே தவறு நடந்தால் ஆறு மாதத்தில் ஸ்விட்ச் முனை பழுத்து, பிளாஸ்டிக் உருகி, வீட்டுக்காரர் 'ஸ்விட்ச் கம்பெனி சரியில்லை' என்பார். ஸ்டிரிப்பரின் நிறுத்து ஸ்க்ரூவை அன்றைய ஒயருக்கு ஏற்பத் திருப்பி, துண்டு ஒயரில் நாலு முறை உரித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உரிக்கிற நீளம் 8 முதல் 10 மி.மீ. அதற்கு மேல் போனால் செம்பு வெளியே எட்டிப் பார்க்கும், குறைந்தால் ஸ்க்ரூ இன்சுலேஷனைக் கடிக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் மூன்று போதும்: ஸ்விட்சுக்குச் சின்னத் தட்டை முனை, சாதாரண ஸ்டார் 2ஆம் நம்பர், அப்புறம் பிஇசட்2 (PZ2, ஸ்டார் போலவே தெரியும் வேறு வகை முனை). இந்த மூன்றாவதைக் கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தானாக எடுத்துத் தர மாட்டார்கள். பல எம்சிபிகளின் (கரண்ட் மிஞ்சினால் தானே டிரிப் ஆகும் ஸ்விட்ச்) டெர்மினல் ஸ்க்ரூ பிஇசட் வகை. சாதாரண ஸ்டாரை அதில் வைத்தால் உட்காராமல் வழுக்கும், முடுக்கு பத்தாது. எம்சிபி சூடேறி டிரிப் ஆவதற்கு லூஸ் டெர்மினல் ஒரு பெரிய காரணம்.

டேப் 5 மீட்டர். கூடவே ரசமட்டமும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கப் பத்து மீட்டர் ட்யூபும். ரசமட்டத்தைக் கடையின் மேசை மேல் வைத்துக் குமிழியைப் பாருங்கள், அதே இடத்தில் முனை மாற்றி வைத்து மறுபடியும் பாருங்கள். இரண்டு முறையும் குமிழி மேசையின் ஒரே பக்கமாக, ஒரே அளவு நிற்காவிட்டால் மட்டம் பொய். ட்யூபில் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் அளவு தப்பும். தரையிலிருந்து 1.2 மீட்டர் என்று ஸ்விட்ச் பாக்ஸுக்குக் குறிக்கச் சொன்னால், எந்தத் தரை என்று கேளுங்கள். டைல்ஸ் போடாத தரையிலிருந்து அளந்து வைத்த பாக்ஸ், தரை 75 மி.மீ. ஏறியதும் அவ்வளவு கீழே போய்விடும். கொத்தனார் அடித்து வைத்த லெவல் கோடு சுவரில் இருந்தால் அதிலிருந்து அளப்பதே சரி. அப்படியே, நாலரை இஞ்ச் சுவரில் படுக்கை வாட்டத்தில் காடி வெட்டச் சொன்னால் ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். சுவரின் பலம் அந்தக் கோட்டிலேயே போய்விடும்.

பிளம்பிங் பக்கம் போகிறவர்கள் மல்டிமீட்டரையும் ஸ்டிரிப்பரையும் விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு நல்ல சிபிவிசி பைப் கட்டர் வாங்குங்கள். ஆக்ஸா பிளேடில் அறுத்த பைப் கோணலாகும், பிசிறு நிற்கும். பிசிறு, ஃபிட்டிங்குக்குள் தடவிய சொல்யூஷனை (பைப் ஒட்டுகிற பசை) வழித்துத் தள்ளிவிடும், லீக்கின் தொடக்கம் அங்கேதான். நேராக வெட்டி, விளிம்பைச் சற்றே சரித்து, துணியால் துடைத்து, ஒட்டாமல் ஒருமுறை சொருகிப் பாருங்கள். பைப் மேல் தாராளமாக, ஃபிட்டிங்குக்குள் மெல்லிசாகத் தடவி, கால் திருப்பு திருப்பிச் சொருகி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடனே கையை எடுத்தால் பைப் தானே பின்னால் வரும். வேலூர் கோடையில் மூடி திறந்து கிடக்கிற சொல்யூஷன் டப்பா மதியத்துக்குள் கெட்டியாகும். ஜெல்லியானதைக் கலக்கி ஓட்டாமல் தூக்கி எறிந்துவிடுங்கள். பித்தளைத் திரெட் உள்ள ஃபிட்டிங்கை ரெஞ்சில் வெறி பிடித்தாற்போல் முடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பக்கம் முடி அளவு விரிசல் விட்டு, டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகும்.

ஏசி வேலைக்கு ஃப்ளேரிங் டூலும் வேக்வம் பம்ப்பும் வேண்டுமே என்று கேட்பார்கள். முதல் வருடம் வேண்டாம். பல ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்32 கேஸ் தீப்பற்றக் கூடியது, மேஸ்திரி பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் போட்டு வைக்க கேன்வாஸ் தோள்பை போதும். பிளாஸ்டிக் பெட்டி வண்டியில் நிற்காது, சித்திரை வெயிலில் ஒரு மாதம் கிடந்தால் கீல் உடையும். ஐஎஸ் 15298 முத்திரை உள்ள சேஃப்டி ஷூ ஒரு ஜோடியும் கண்ணாடியும் தூசி மாஸ்க்கும் வாங்காமல் பையை முழுமை என்று சொல்ல மாட்டோம். செருப்போடு சைட்டுக்குப் போனால் சென்ட்ரிங் பலகையின் ஆணி உள்ளங்காலில் ஏறும். பணம் ஒரே தவணையில் புரளாவிட்டால் ஷூ, டெஸ்டர், பிளேயர், டேப் முதல் மாதம். ஸ்டிரிப்பர், ஸ்க்ரூ டிரைவர், ரசமட்டம் இரண்டாம் மாதம். மல்டிமீட்டர் மூன்றாம் மாதம். எல்லாக் கைப்பிடியிலும் ஒரே நிற பெயிண்டில் ஒரு வளையம் தீட்டி வையுங்கள், சைட்டில் நாலு பேரின் பிளேயர் ஒரே மாதிரிதான் இருக்கும்.