பத்து கிகாபிட்டில் பாக்கெட் பிடிக்க எது: டிபிடிகே-யா, ஏஎஃப்-எக்ஸ்டிபி-யா?

10 கிகாபிட் நெட்வொர்க் லைனில் ஆகச் சின்ன பாக்கெட்டுகளாக (தரவுத் துண்டுகளாக) வந்தால் ஒரு செக்கனுக்கு 1 கோடியே 48 லட்சம் வரும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67 நானோசெக்கன்தான். யாழ்ப்பாணத்தில் நெட்வொர்க் மென்பொருள் எழுதும் பொடியள் பாக்கெட் பிடிக்க டிபிடிகே, ஏஎஃப்-எக்ஸ்டிபி போன்ற வழிகளில் எதைப் பாவிப்பது என்று வாதாடும்போது இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

பாக்கெட் பிடித்துக் காட்டும் கருவிகளான டிசிபிடம்ப், வயர்ஷார்க் இரண்டுக்கும் அடியில் இருப்பது லிப்பிகேப் என்ற நூலகம். லினக்ஸில் அது பாக்கெட்டுகளை ஏஎஃப்-பாக்கெட் என்ற சாக்கெட் (கேர்னல் நிரலுக்குத் திறந்துவிடும் வாசல்) வழியாக வாங்குகிறது. இயங்குதளத்தின் மையமான இந்தக் கேர்னல் ஒவ்வொரு பாக்கெட்டையும் நகலெடுத்துத் தருவதால் மேலே சொன்ன வேகத்துக்கு ஈடுகொடுக்க ஏலாது. ஆனால் 1 கிகாபிட்டில் பிழை தேட இதுவே தாராளம்.

டிபிடிகே என்ற நூலகத் தொகுதி கேர்னலையே ஓரங்கட்டிவிடும். நெட்வொர்க் கார்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, பாக்கெட் வந்ததும் கார்ட் தட்டிச் சொல்லும் இன்டரப்டுக்குக் காத்திராமல் ஓயாமல் எட்டிப் பார்த்தபடி இருக்கும். வேகத்தில் இதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் ஒரு பாக்கெட்டும் வராத நள்ளிரவிலும் அதற்கு ஒதுக்கிய சிபியு கோர் 100 சதவீதத்தில் ஓடும். கரண்ட் பில்லையும் யுபிஎஸ் தாங்கும் நேரத்தையும் பார்க்கிற சின்ன அலுவலகத்துக்கு இது சும்மா விஷயமில்லை. அதோடு, கார்டை டிபிடிகே பாவிக்கும் விஎஃப்ஐஓ டிரைவருக்கு மாற்றியதும் அது லினக்ஸின் கண்ணில் படாது. கொழும்பில் இருக்கும் சேர்வரில், தூர இருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் வருகிற அதே போர்ட்டில் இதைச் செய்தால், இணைப்பு அறுந்து யாராவது பஸ் ஏறத்தான் வேண்டும். மெலனொக்ஸ் கார்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

2018இல் லினக்ஸ் 4.18உடன் வந்த ஏஎஃப்-எக்ஸ்டிபி நடுவழி. டிரைவர் கேர்னலிடமே இருக்கும். வேண்டிய பாக்கெட்டை மட்டும், கேர்னலுக்குள் ஓடும் ஒரு சின்ன ஈபிபிஎஃப் நிரல் உங்கள் பக்கம் திருப்பிவிடும், மிச்சம் வழக்கம்போல் போகும். என் தெரிவு இதுதான். செகண்ட் ஹாண்டில் வாங்கிய இன்டெல் எக்ஸ்520 கார்டிலும், டிரைவர் துணை இருப்பதால், நகலெடுக்காமல் ஓடும். ஒரு பொறி உண்டு: சாக்கெட், கார்டின் ஒரு கியூவோடு (வந்த பாக்கெட்டுகள் நிற்கும் வரிசை) மட்டுமே பிணையும். கார்ட் எட்டு கியூவுக்குப் பிரித்து அனுப்ப, நீங்கள் ஒன்றில் காத்திருந்தால், மிச்சம் எங்கே என்று தலையைப் பிய்க்க வேண்டியதுதான். கியூவுக்கு ஒரு சாக்கெட் திறவுங்கள், அல்லது ஈதிடூல் கட்டளையால் கியூவை ஒன்றாக்குங்கள்.

இதே வேலைக்கு வேறு வழிகளும் உண்டு. நெட்மேப் அழகானது, ஃபிரீபிஎஸ்டி பாவிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பிஎஃப்-ரிங்கின் நகலெடுக்காத பதிப்புக்கு லைசென்ஸ் காசு கட்ட வேண்டும்.

அப்புறம், பிடித்ததை முழுதாகச் சேமிக்கப்போகிறீர்கள் என்றால் டிஸ்கைப் பாருங்கள். நிரம்பிய 10 கிகாபிட் என்பது செக்கனுக்கு 1.25 கிகாபைட், சாட்டா எஸ்எஸ்டி அதில் பாதியைக்கூட எழுதாது. பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெடரை மட்டும் வெட்டி வைத்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.