நண்டு 390 ரூபாய் என்றார்கள், பில்லில் 3,198

சென்னையில் 'மாடர்ன் இண்டியன்', 'ஃப்யூஷன்' என்று போர்டு போட்ட ரெஸ்டாரன்ட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு நடந்தது நுங்கம்பாக்கம் பக்கம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

எங்கள் கல்யாண நாளுக்கு அத்தையையும் அழைத்துக்கொண்டு மூன்று பேராகப் போனோம். உட்கார்ந்த கையோடு குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பியில் தக்காளி ரசம் வந்தது. "வெல்கம் ட்ரிங்க், மேடம்." அத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ரசம் நல்லாத்தான் இருக்கு, சோறு எங்கடா?" என்று என் கணவரைக் கேட்டார்.

இந்த மாதிரிச் சமையலே பிடிக்காதவள் இல்லை நான். கிண்டி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கும் அவர்தனா ரெஸ்டாரன்ட்டில் ரசத்தை மார்ட்டினி கிளாஸில் தருகிறார்கள்; அதற்காகவே ஆட்கள் போகிறார்கள். டெல்லி இண்டியன் அக்சென்ட் ரெஸ்டாரன்ட்டின் ப்ளூ சீஸ் நானும் அப்படித்தான். எதை எதோடு கலந்தாலும் நாக்குக்குப் பிடித்தால் சரி. என் சண்டை கணக்கோடுதான்.

அச்சடித்த மெனு கிடையாது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, போன் நம்பர் கொடுத்தால்தான் மெனுவே திறக்கும். பொடி இட்லி டாக்கோ, காளான் சுக்கா பாவ் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வெயிட்டர் குனிந்து, "இன்னைக்கு ஸ்பெஷல் நண்டு ரிசோட்டோ இருக்கு, மேடம். மெனுல இருக்காது" என்றார். விலை கேட்டேன். "முந்நூத்தித் தொண்ணூறு." மூணு பேருக்குப் போதுமா? "தாராளமா."

பில்லில் நண்டு 3,198. 390 என்பது 100 கிராமுக்காம், எங்கள் நண்டு 820 கிராமாம். நான் விலை கேட்டபோது 'நூறு கிராமுக்கு' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

இந்த ஏமாற்று இங்கே ஏன் சுலபமாக நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். மெஸ்ஸில் நண்டு ஓட்டோடு, காலோடு தட்டில் வந்து உட்காரும். பெரிதா சின்னதா என்று குழந்தைக்கும் தெரியும். கடல் உணவுக் கடைகளில் உயிர் நண்டைக் காட்டி, கண்ணெதிரே எடை போடுவார்கள். இங்கேயோ சதையை உதிர்த்து, தேங்காய்ப்பால் ஊற்றிய அரிசியில் கலந்து, மேலே நுரை வைத்து, பூ தூவிக் கொண்டுவந்தார்கள். எங்கள் வாய்க்கு அகப்பட்ட சதை ஒரு கைப்பிடி இருந்தால் அதிகம். 820 கிராம் என்பதற்கு அவர்கள் சொல்வது மட்டும்தான் சாட்சி. எடைச் சீட்டு கேட்டேன். "கிச்சன்ல போடுறது மேடம், ஸ்லிப் வராது" என்றார் மேனேஜர்.

மீதிக் கணக்கையும் பாருங்கள். 'வெல்கம்' என்று வந்த ரசம் மூன்றுக்கு 450. கேட்காமலே மூடி திறந்து ஊற்றிய தண்ணீர் பாட்டில் இரண்டு, 360. டாக்கோ 420, பாவ் 460, பருத்திப்பால் பன்னகோட்டா இரண்டு 760. கூட்டினால் 5,648. அதன்மேல் 'எக்ஸ்பீரியன்ஸ் ஃபீ' 10 சதவீதம், அதையும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 6,523 ரூபாய். 'எக்ஸ்பீரியன்ஸ் ஃபீ' என்பது சர்வீஸ் சார்ஜ்தான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டு நெறிமுறை போட்டுவிட்டது: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, உணவுக் கட்டணத்தோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. இதைச் சொன்னதும் மேனேஜர், "சிஸ்டம்ல டீஃபால்ட்டா வருது மேடம்" என்றார். உங்கள் சிஸ்டத்தில் டீஃபால்ட்டாக வருவதற்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அரை மணி நேரம் நின்றோம். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் பில்லைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்ததும் அந்த ஃபீயும் ரசமும் போயின. புதுப் பில் 5,458. தண்ணீருக்கு நான் வாதாடவில்லை. ரெஸ்டாரன்ட்டில் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் மேசையில் பாட்டிலைத் திறக்கக் கை போனால், விலை தெரியும்வரை தடுத்துவிடுங்கள்.

நண்டு விஷயத்தில் அவர்கள் அசையவே இல்லை. 'ஸ்பெஷல்' என்று வாயால் சொல்லும் எதற்கும், "முழுத் தட்டு எவ்வளவு?" என்று கேட்டு, ஆர்டர் சீட்டிலேயே அந்தத் தொகையை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அது வேண்டாம்.

இரண்டு பில்லையும் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மூன்று பேரும் சாட்சி. அத்தை இப்போதே தயாராகத்தான் இருக்கிறார், வெயிட்டர் சொன்னதை அந்த வெயிட்டர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்.