பெரிய வங்கியா, சிறிய ஆலோசனை நிறுவனமா: இரண்டு கோடைகள் வேலை பார்த்தபின்

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோடை விடுமுறையை மொத்தமே 12 பேர் வேலை பார்த்த ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்திலும், அடுத்த கோடையைப் பல நாடுகளில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு முதலீட்டு வங்கியிலும் இன்டர்னாகக் கழித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே பிரிவுதான்: நிறுவனங்களை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் எம் அண்ட் ஏ. இரண்டு இடத்திலிருந்தும் நிரந்தர வேலைக்கு அழைப்பு வந்தது. நான் சிறிய நிறுவனத்தை எடுத்தேன். அதனால் கீழே அந்தப் பக்கத்துக்குத்தான் இடம் அதிகம் போகும்.

சிறியது என்று நான் சொல்வது எவர்கோர், லசார்ட், சென்டர்வியூ போன்றவற்றை அல்ல. ஆலோசனையே அவற்றின் பிரதான தொழில் என்பதால் அவற்றையும் பூட்டிக் என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் 1995-ல் தொடங்கிய எவர்கோரும் 2006-ல் தொடங்கிய சென்டர்வியூவும் இன்று மிகப்பெரிய டீல்களில் பெரிய வங்கிகளோடு நேருக்கு நேர் மோதுகின்றன. நான் சொல்வது வெளியில் அதிகம் பேர் கேள்விப்படாத, நடுத்தர அளவுள்ள கம்பெனிகளின் முதலாளிகளுக்காக வேலை செய்யும் நிறுவனங்களை.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பயோடேட்டாவில் பெரிய வங்கியின் பெயருக்கு மதிப்பு அதிகம். உதவித்தொகையும் அங்கேதான் அதிகம். நேர்காணலில் அடுத்தவர் அந்தப் பெயரைப் பார்த்ததுமே பாதிக் கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறார். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

வேலை நேரமும் பலர் நினைக்கிற அளவுக்கு வேறுபடவில்லை. பெரிய வங்கிகளில் எழுத்திலாவது வரம்புகள் வந்திருக்கின்றன. கோடை இன்டர்ன்கள் நள்ளிரவுக்கும் காலை 7 மணிக்கும் இடையில் அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று கோல்ட்மேன் சாக்ஸ் 2015-ல் சொன்னது. 2024-ல் ஜே.பி. மோர்கன் இளநிலை ஊழியர்களுக்குப் பெரும்பாலான சமயங்களில் வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 80 என்பதே ஒரு வரம்பாக வருகிறது என்றால் வேலையின் இயல்பை ஊகித்துக்கொள்ளலாம். சிறிய நிறுவனத்தில் எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. டீல் சூடாக இருந்தால் இரவு 2 மணி, இல்லாவிட்டால் மாலை 6 மணிக்கே கிளம்பலாம். மொத்தமாகக் கூட்டினால் வங்கியில்தான் அதிக நேரம் இருந்தேன். அங்கே வெறுமனே காத்திருந்த நேரமும் அதில் சேர்த்தி: மாலை முழுவதும் ஒன்றும் இருக்காது, மேலே உள்ளவர் திருத்தங்களை 9 மணிக்கு அனுப்புவார், வேலை அப்போதுதான் தொடங்கும்.

பயிற்சியில் வங்கிக்குத்தான் முழு மதிப்பெண். 10 வாரத்தில் முதல் வாரம் முழுக்க வகுப்புகள். கணக்கியல், எக்செல், டி.சி.எஃப். (எதிர்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து ஒரு கம்பெனியை மதிப்பிடும் முறை), காம்ப்ஸ் (அதைப் போன்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறை) எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நடுவில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒரு மதிப்பீடு. சிறிய நிறுவனத்தில் முதல் நாள் ஒரு மடிக்கணினியையும் பழைய டீல் ஒன்றின் மாடலையும் (கம்பெனியின் நிதிக் கணக்குகள் அடங்கிய எக்செல் கோப்பு) கொடுத்து, "படித்துப் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

வேலை வந்து சேரும் சீரிலும் வங்கியே மேல். அங்கே யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்க ஸ்டாஃபர் ஒருவர் இருப்பார். ஒரு டீல் நின்றுபோனால் மறுநாளே இன்னொன்றில் போட்டுவிடுவார். சிறிய நிறுவனத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு விற்பனை. ஐந்தாவது வாரத்தில், கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்த வாங்குபவர் திடீரென்று விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு வேலையே இல்லை. இது சிறிய இடங்களின் உண்மையான ஆபத்து. எட்டு வார இன்டர்ன்ஷிப்பில் இரண்டு வாரம் என்பது கால் பங்கு.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் சிறியது? நான் செய்த தவறுகள் என்ன ஆயின என்பதுதான் காரணம். இந்த ஒரு விஷயம்தான் என் முடிவைத் தீர்மானித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறிய நிறுவனத்தில் மூன்றாவது வாரம் எனக்குக் காம்ப்ஸ் அட்டவணை ஒன்று தயாரிக்கும் வேலை வந்தது. விற்கப்போகிற கம்பெனியைப் போன்ற, பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளை எடுத்து, அவற்றின் மொத்த மதிப்பு (பங்கு மதிப்போடு நிகரக் கடனையும் சேர்த்தது) எபிட்டாவைப் போல, அதாவது வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபத்தைப் போல, எத்தனை மடங்கு என்று கணக்கிட வேண்டும். வெற்றுத் தாளில் தொடங்கி, ஆண்டறிக்கைகளை நானே படித்து எண்களை எடுத்துப் போட்டேன். ஒரு கம்பெனிக்கு 8.3 மடங்கு வந்தது, அதே தொழிலில் உள்ள இன்னொன்றுக்கு 10 மடங்கு. முதலாவதைச் சந்தை மலிவாக மதிப்பிடுகிறது என்று ஒரு குறிப்பும் எழுதி இயக்குநருக்கு அனுப்பினேன்.

அவர் என்னைத் தன் மேசைக்கு அழைத்து, "இந்த இரண்டு கம்பெனியும் எந்தக் கணக்கியல் விதியில் கணக்கு எழுதுகின்றன?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. முதலாவது ஐ.எஃப்.ஆர்.எஸ். எனும் சர்வதேசக் கணக்கியல் விதி, இரண்டாவது அமெரிக்க விதி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒரே மாதிரியான இரண்டு கம்பெனிகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆண்டுக்கு 20 வாடகை கட்டுகின்றன. 2019-ல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 விதிப்படி முதல் கம்பெனி அந்தக் குத்தகையைக் கடன் போலக் கணக்கில் காட்டும். அதன் வாடகைச் செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறி, எபிட்டாவுக்குக் கீழே போய்விடும். அதன் எபிட்டா 120. அமெரிக்க விதியில் சாதாரணக் குத்தகையின் வாடகை செயல்பாட்டுச் செலவாகவே இருக்கும், அதனால் இரண்டாவதன் எபிட்டா 100. இரண்டின் மதிப்பும் குத்தகைக் கடனைச் சேர்க்காமல் 1,000. நான் செய்தது 1,000-ஐ 120-ஆலும் 100-ஆலும் வகுத்தது போலத்தான். ஒரே மாதிரிக் கம்பெனிகள்தான், ஆனால் ஒன்று 8.3, மற்றது 10.

"எது மலிவு?" என்று கேட்டார். எதுவும் மலிவில்லை. இரண்டிலும் வாடகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் 10. இல்லை, இரண்டிலும் வாடகையைத் திரும்பச் சேர்த்து, குத்தகைக் கடன் 80 என்று வைத்து அதையும் மதிப்போடு கூட்டினால் இரண்டும் 1,080-ஐ 120-ஆல் வகுத்து 9. எந்த வழியில் போனாலும் சரி, மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே வழியில் போக வேண்டும். அந்த உரையாடல் முடிய 40 நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அட்டவணை முழுவதையும் நானே மறுபடி போட்டேன். அன்று முதல் இன்றுவரை எந்த ஆண்டறிக்கையைத் திறந்தாலும் குத்தகைக் குறிப்பைத்தான் முதலில் தேடுகிறேன்.

அடுத்த கோடையில் வங்கியில் இதே வேலை வந்தது. அங்கே அட்டவணைக்கு ஒரு தயார் வார்ப்புரு இருந்தது. குத்தகைக்கான திருத்தம் அதில் ஒரு நெடுவரிசையாக ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. எண்களை எடுத்துத் தரத் தனியாக ஒரு குழு. நான் செய்தது நிரப்புவதும் சரிபார்ப்பதும்தான். தவறு வருவதற்கான வாய்ப்பே குறைவு, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் முந்தைய கோடையில் அந்த 40 நிமிடம் எனக்குக் கிடைத்திராவிட்டால், அந்த நெடுவரிசை ஏன் அங்கே இருக்கிறது என்றே தெரியாமல் 10 வாரமும் அதை நிரப்பிக்கொண்டிருந்திருப்பேன்.

வங்கியில் திருத்தங்கள் வந்த விதமும் வேறு. வாடிக்கையாளரிடம் காட்டத் தயாரிக்கும் 60 பக்கப் பிட்ச் புக் பேனாக் குறிகளோடு ஸ்கேன் ஆகி வரும். இந்த எண் தவறு, இந்தக் கட்டம் நேராக இல்லை, இந்த லோகோ பழையது. ஏன் தவறு என்று இருக்காது. நான் யாரோடு வேலை பார்த்தேனோ அந்த அசோசியேட் நல்ல மனிதர், பொறுமையானவர். ஆனால் அவர் கையில் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் இருந்தன. ஒருமுறை காரணம் கேட்டபோது, "இது போகட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அனலிஸ்ட், அசோசியேட், வி.பி., இயக்குநர், எம்.டி. என்று படிக்கட்டு நீளமாக இருக்கும் இடத்தில், கீழே உள்ளவரின் தவறு முதல் படியிலேயே திருத்தப்பட்டுவிடும். காரணம் தெரிந்த மூத்தவரின் கண்ணுக்கு அது போகவே போகாது. 12 பேர் இருக்கும் இடத்தில் எனக்கும் இயக்குநருக்கும் இடையில் யாருமே இல்லை. என் தவறு நேராக அவர் மேசைக்குப் போனது.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. அந்த இயக்குநர் சொல்லிக்கொடுக்க விரும்பாதவராக இருந்திருந்தால் எனக்கு வேறு ஆள் கிடையாது. வங்கியில் ஒருவர் சரியில்லையென்றால் பக்கத்து மேசைக்குப் போகலாம். சிறிய இடத்தில் எல்லாமே ஒன்றிரண்டு மனிதர்களைப் பொறுத்தது. என் அனுபவம் நல்லபடி அமைந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருக்கிறது.

இன்னொன்று, ரிட்டர்ன் ஆஃபர், அதாவது இன்டர்ன்ஷிப் முடிந்தபின் வரும் நிரந்தர வேலை அழைப்பு. பெரிய வங்கிகள் கோடை இன்டர்ன்களை எடுப்பதே அடுத்த ஆண்டு வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நோக்கத்தோடுதான். சிறிய நிறுவனத்தில் அப்படித் திட்டம் எதுவும் இல்லை. எனக்கு அழைப்பு வந்ததே, நான் போன பிறகு அதே கம்பெனியை இன்னொருவர் வாங்கி, டீல் முடிந்து, கட்டணம் கைக்கு வந்த பிறகுதான். கல்விக்கடன் உள்ளவர்கள், படிப்பு முடிந்த மறுமாதமே சம்பளம் வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள், இதை முதலில் பார்க்க வேண்டும். அவர்களுக்கு நான் வங்கியைத்தான் சொல்வேன், தயக்கமில்லாமல்.

நான் பார்த்தது ஒரு வங்கி, ஒரு சிறிய நிறுவனம், இரண்டிலும் ஒரே பிரிவு. கடன் மறுசீரமைப்புக் குழுக்களிலோ பங்கு வெளியீட்டுக் குழுக்களிலோ நிலைமை வேறாக இருக்கலாம். மூன்று ஆண்டுக்குப் பிறகு பிரைவேட் ஈக்விட்டிக்கு (முதலீட்டாளர்களின் பணத்தில் கம்பெனிகளை வாங்கி விற்கும் நிறுவனங்களுக்கு) போக நினைப்பவர்களுக்கு வங்கியின் பெயர் எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் நான் இன்னும் அனுபவித்துப் பார்க்கவில்லை.

சேர்வதற்கு முன்னால் இரண்டு நேர்காணல்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தேன்: "போன கோடையில் வந்த இன்டர்ன் செய்த பெரிய தவறு என்ன?" வங்கியில் என்னை நேர்காணல் செய்தவர் சற்று யோசித்துவிட்டு, இன்டர்ன்களின் வேலை பல கட்டமாகச் சரிபார்க்கப்படும் என்றார். அது உண்மையான பதில்தான். சிறிய நிறுவனத்தின் இயக்குநர் உடனே சொன்னார்: கடன் அட்டவணையில் வட்டியைச் சராசரி நிலுவைக்குப் பதிலாக ஆண்டு இறுதி நிலுவைக்குப் போட்டுவிட்டார், வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவு இருவரும் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். அந்த இன்டர்ன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார்.