ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு வாங்கிய பேண்ட் டயப்பர்

புராஸ்டேட் புற்றுநோய் என்று சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். யூரின் டியூப்பைக் கழற்றியதிலிருந்து அப்பாவுக்கு இருமினாலே, நாற்காலியை விட்டு எழுந்தாலே கசிவு. பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் குறையும், அதுவரை இந்த பேண்ட் வகை டயப்பர் நன்றாகவே கைகொடுக்கிறது. ஒட்டுகிற வகையை விட இதுதான் சௌகரியம். ஜட்டி மாதிரி அவரே போட்டுக்கொள்கிறார், வேட்டிக்கு மேல் தெரிவதில்லை, கழற்றும்போது பக்கவாட்டுத் தையலைக் கிழித்தால் போதும். குறை, தொடை ஓர எலாஸ்டிக். ராத்திரி முழுக்கப் போட்டால் சிவந்து தடித்துவிடுகிறது. இடுப்பை டேப் வைத்து அளந்து வாங்குங்கள், தொளதொளவென்று இருந்தால் ஓரத்தில் ஒழுகும். அப்புறம், டயப்பர் இருக்கிறதே என்று கெகல் பயிற்சியை (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) மட்டும் விட்டுவிடாதீர்கள், கசிவு குறைந்தால் ஆண்களுக்கான சின்ன பேடே போதும்.