போக்குவரத்துப் பொறியியலா, பல்துறைப் போக்குவரத்துப் படிப்பா?

கட்டடப் பொறியியல் முடித்த இராமநாதபுரம் மாணவர்கள் பலர், முதுநிலையில் இவ்விரண்டில் எதைத் தேர்வதென்று தயங்குகிறார்கள்.

காலம்: இரண்டும் பெரும்பாலும் 2 ஆண்டுகளே.

நுழைவு: பொறியியலுக்கு தேசிய அளவிலான கேட் அல்லது தமிழகத்தின் சீட்டா நுழைவுத்தேர்வு வழிவகுக்கும். டெல்லியிலுள்ள ‘திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி’யின் போக்குவரத்துத் திட்டமிடல் போன்ற பல்துறைப் படிப்புகளில் கட்டடக்கலையினரும் உடன் அமர்கிறார்கள்.

பாடம்: இங்குதான் உண்மையான வேறுபாடு. 1914இல் திறந்த பாம்பன் இரயில் பாலத்துக்கு மாற்றாக 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளப் பகுதி கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக உயர்கிறது. இவ்வழித்தடத்தின் தண்டவாள அமைப்பு, தனுஷ்கோடிச் சாலையின் மணலரிப்பைத் தாங்கும் தளம் ஆகியவற்றைக் கணக்கிடப் பொறியியல் வேண்டும். ஆனால் மீனவப் பெண்கள் கூடையோடு ஏறக்கூடிய பேருந்து எந்நேரம் வரவேண்டும், யாத்திரிகர் நெரிசலை எப்படிப் பிரிப்பது என்பவற்றுக்குப் பொருளியலும் சமூகவியலும் தேவை. இக்கேள்விகள் நம் கரையில் நெடுங்காலமாகக் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன என்பது என் வருத்தம்.

வேலை: நெடுஞ்சாலைத் துறை, ஒப்பந்தப் பணிகளை நாடுவோருக்கு பொறியியல் பாதுகாப்பானது. திட்டமிடல், ஆய்வு, பொதுப் போக்குவரத்துக் கொள்கையில் நாட்டமுள்ளவர்கள், கணிதத்தை விடாமல், பல்துறைப் படிப்பைத் தயங்காமல் எடுக்கலாம்.