ஐமேப், ஜேமேப் இரண்டையும் ஒரே சர்வரில் ஓட்டினால்

சர்வரில் இருக்கும் மெயிலைக் கிளையன்ட் (மெயில் ஆப்) படிக்க உதவும் பழைய நெறிமுறை ஐமேப்; அதே வேலையை வெப் (HTTP) வழியாகச் செய்யும் புதியது ஜேமேப். ஜேமேப் 2019-லேயே இணையத் தரநிலையாக வந்துவிட்டது (ஆர்எஃப்சி எனும் தரநிலை ஆவணங்கள் 8620, 8621). ஆனால் அவுட்லுக்கில் அது இல்லை, ஆப்பிள் மெயிலிலும் இல்லை. ஜிமெயில் சர்வரும் அதைப் பேசாது. எனவே ஐமேப்பின் போர்ட்டான 993-ஐ மூடிவிட்டு ஜேமேப் மட்டும் போதும் என்று இருக்க முடியாது. ஸ்டால்வார்ட், சைரஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள்கள் இரண்டுமே ஒரே அஞ்சல் பெட்டியை இரு வழியிலும் தரும். டவ்காட் என்ற இன்னொரு மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஜேமேப்பின் அருமை மொபைல் டேட்டாவில்தான் தெரியும். 10 எம்பி கோப்பு இணைத்த மெயில் பேஸ்64 (கோப்பை எழுத்துகளாக மாற்றும் முறை) ஆனதும் 13 எம்பியைத் தாண்டும். வழக்கமான முறையில் அது அனுப்பும் போர்ட்டான 587 வழியாக ஒரு தடவை, ‘சென்ட்’ ஃபோல்டரில் போட இன்னொரு தடவை என்று இரண்டு முறை மேலேறும். ஜேமேப்பில் அந்த 10 எம்பி அப்படியே ஒரே தடவை போகும். மெயிலை ஆர்க்கைவுக்கு நகர்த்தினாலும் அதன் அடையாளம் மாறாது. ஐமேப்பில் ஃபோல்டர் மாறினாலே யூஐடியும் (மெயிலின் அடையாள எண்) மாறும்.

தொல்லை, மெயில் சர்வருக்கு முன்னால் நின்று ஜேமேப் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் வரும். அதன் கோரிக்கை அளவு வரம்பு இயல்பாக 1 எம்பிதான். சின்ன மெயில் எல்லாம் போகும், இணைப்பு வைத்தால் மட்டும் 413 பிழை வரும். வரம்பை 50 எம்பி ஆக்குங்கள். புஷ் (புது மெயில் வந்ததும் சர்வரே தரும் அறிவிப்பு) நின்று நின்று வந்தால், 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டும் ரீட் டைம்அவுட்தான் காரணம்: அதைக் கூட்டுங்கள், அல்லது கிளையன்ட்டின் பிங் (இணைப்பு உயிரோடிருக்க வரும் சிறு செய்தி) இடைவெளியை 30 விநாடியாக வையுங்கள். பதிலைத் தேக்கி வைத்து அனுப்பும் பஃபரிங்கையும் அணைத்துவிடுங்கள்.

ஐமேப் மீது வரும் புகார்களில் பல நெறிமுறையின் குற்றமே அல்ல. தண்டர்பேர்டு என்ற கிளையன்ட் ஒரு கணக்குக்கு 5 இணைப்பு வரை திறக்கும். டவ்காட்டில் ஒரே பயனர், ஒரே ஐபிக்கு வரம்பு 10. அலுவலகத்தின் பொது முகவரியை மூன்று பேர் ஒரே ரவுட்டருக்குப் பின்னாலிருந்து திறந்தால் 15 ஆகிவிடும். மூன்றாமவருக்கு மெயில் வராது. அவர் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார், பாவம். வரம்பை 30 ஆக்கினால் தீர்ந்தது. அதேபோல் ஐடில் நிலையில் (புது மெயிலுக்காக இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும்போது) டவ்காட் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லி போனை எழுப்பும். பேட்டரி இறங்கினால் இந்த இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். ரொம்பவும் கூட்டினால் மொபைல் நெட்வொர்க் இடையில் இணைப்பை வெட்டிவிடும்.

சர்வர் மாற்றும்போது மட்டும் ஜேமேப்பை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். ஐமேப்சின்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக நகர்த்தினால் யூஐடிகள் புதிதாகிவிடும். எல்லாக் கிளையன்ட்டும் மொத்தப் பெட்டியையும் மறுபடி இறக்கும். டவ்காட்டிலிருந்து டவ்காட்டுக்கு என்றால் அதன் சொந்தக் கருவியான டிசின்க் பழைய யூஐடிகளைக் காப்பாற்றும். ஜேமேப்பிலும் புது சர்வருக்குப் பழைய ஸ்டேட் (கிளையன்ட் கடைசியாக எதுவரை பார்த்தது என்ற குறி) தெரியாது. ‘மாற்றங்களைக் கணக்கிட முடியவில்லை’ என்று கையை விரிக்கும், கிளையன்ட் முதலிலிருந்து தொடங்கும். இடமாற்றத்தை வெள்ளி இரவு வைத்துக்கொண்டால் திங்கள் காலைக்குள் இறங்கி முடிந்திருக்கும்.