முதல் புல் ரிக்வெஸ்ட்டை எங்கே அனுப்பலாம்?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் சித்தி மகன் கணினி படிக்கிறான். போன ஞாயிறு மாமாக் (இந்திய முஸ்லிம் உணவுக்) கடையில் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்: "அண்ணே, திறந்த மூல மென்பொருளுக்கு ஏதாச்சும் செய்யணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" திறந்த மூலம் என்றால் நிரல் எல்லாரும் பார்க்கத் திறந்திருக்கும்; யாரும் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டு அனுப்பலாம். அந்த வேண்டுகோள்தான் புல் ரிக்வெஸ்ட். இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம்.

எல்லாரும் முதலில் போய் நிற்பது பெரிய திட்டங்களின் வாசலில். இப்படிப்பட்ட திட்டங்களின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில், புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று குறிக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று தேடினால் வேலைகள் கொட்டிக் கிடக்கும். நானும் அப்படித்தான் போனேன். மூல நிரலை இறக்கி, என் பழைய மடிக்கணினியில் பில்ட் செய்து (ஓடும் மென்பொருளாக்கி) முடிப்பதற்குள் ஒரு சனிக்கிழமை காலி. திரும்பி வந்து பார்த்தால், "இதை நான் செய்யலாமா?" என்று எனக்கு முன்பே நான்கு பேர் கேட்டு வைத்திருந்தார்கள், ஒருவருக்கும் பதில் இல்லை. பெரிய பெயர் ரெஸ்யூமேயில் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

மொழிபெயர்ப்பு நமக்குத் தோதான வேலை. ஃபயர்பாக்ஸுக்குப் போன்டூன், லிப்ரெஆஃபிஸுக்கு வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளங்களில் உலாவியிலேயே செய்துவிடலாம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கோப்பின் பெயர் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் 'ஐ' உருபை ஒட்டினால், 'படம்' என்ற கோப்புக்குத் திரையில் 'படம்ஐ நீக்கவா?' என்று வந்து நிற்கும். 'படம் என்ற கோப்பை நீக்கவா?' என்று வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும். இந்த நுணுக்கம் தமிழ் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். குறை ஒன்றுதான்: நிரல் எழுதும் பழக்கம் இதில் வராது.

அக்டோபர் மாத ஹேக்டோபர்ஃபெஸ்ட்டைப் பற்றியும் கேட்டான். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது; அந்த மாதத்தில் சில புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்கு அப்போது டி-சட்டை தந்தார்கள். டி-சட்டைக்காக ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவர்களின் தொல்லை தாங்காமல், 2020இல் விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்றினார்கள். சட்டைதான் வேண்டுமென்றால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

என் ஓட்டு நாலாவது வழிக்கு: நாமே பயன்படுத்தும், நம்மை எரிச்சல்படுத்தும் சின்னக் கருவி. மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் ரேபிட் கேஎல் பேருந்து அட்டவணை ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவில் கிடைக்கிறது. அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது நான் எடுத்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) '25:10:00' என்ற நேரத்தைக் கண்டதும் விழுந்துவிட்டது. அது பிழையான நேரம் இல்லை. நள்ளிரவைத் தாண்டி 1:10க்கு வரும் பேருந்து முந்தைய நாளின் சேவையைச் சேர்ந்தது என்பதால், அந்த வடிவத்தில் 24ஐத் தாண்டித்தான் எழுதுவார்கள். விழுந்த வரியையும் மாதிரித் தரவையும் போட்டு பிழையைச் சொல்லி ஒரு இஷ்யூ திறந்தேன். பராமரிப்பவர் ஜெர்மனிக்காரர்; அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் மூன்று, நான்கு ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் பதில் வந்தது: "சரிதான். ஒரு டெஸ்ட்டோடு அனுப்ப முடியுமா?" திருத்தம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்தான் டெஸ்ட். ஆறு வரி திருத்தம், இரண்டு டெஸ்ட். டெஸ்ட் எழுதக் கற்றுக்கொண்டதே அந்த இரவில்தான்.

பெரிய திட்டத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: பதில் சொல்ல ஒரு ஆள். ஆனால் எல்லாச் சின்னத் திட்டத்திலும் ஆள் இருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு வருடமாகத் தூங்கும் திட்டங்களும் உண்டு. கடைசியாக எப்போது புல் ரிக்வெஸ்ட் சேர்க்கப்பட்டது, புதியவர்களுக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

தம்பி தன் பாடத்துக்கு எடுக்கும் ஒரு பைதான் லைப்ரரியைத் திறந்தான். ரீட்மீயில் நிறுவும் கட்டளை பழையது. அப்படியே போட்டால் ஓடாது. ஒரே வரிதான். பில்லுக்கு நான் கை காட்டுவதற்குள் திருத்துவதற்குத் தன் பெயரில் ஒரு நகல் எடுத்து, ஃபோர்க் செய்துவிட்டான்.